கீரைக்கார மெம்பரின் துண்டு

பொன்னுரங்கம் காலமான செய்தி எங்கள் வீட்டுக்குக் கீரைக் கூடையோடு வந்தது. மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு நெடுங்காலமாகக் கீரை கொண்டுவருகிறவள் தேசம்மா. அடையாற்றுக்கு அக்கரைக்காரி, பொன்னுரங்கத்தின் ஊர்க்காரி. அன்று காலை அவள் கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே வாசலில் நின்று, "இன்னிக்கி அரைக்கீரைதாம்மா. சீக்கிரம் எடுத்துக்கோ, நான் போவணும். ஊருல சாவு" என்றாள். யார் என்று கேட்டேன். "அதான், அந்த மெம்பரு. விடிகாலைல பூட்டான்" என்றாள்.

பெண் குழந்தைகளுக்கு மரியாதைப் பன்மை சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். அந்த 'ன்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "யாரு, நம்ம பொன்னுரங்கமா?" என்று கேட்டேன். "உங்க பொன்னுரங்கம்மா. எங்களுக்கு அவன் ஒண்ணியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒரு கட்டை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். செத்தவருக்காக முதலில், அந்த ஒற்றை எழுத்துக்காகப் பிறகு.

அவரோடு சபையில் இருந்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறோம். இரங்கல் கூட்டத்துக்கு எல்லோரும் வரவில்லை. அன்று அங்கே நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று வேறு சிலர் முடிவு கட்டிவிட்டதாகவும் கேள்வி. வயதானது உண்மைதான். ஆனாலும் காரணம் அது இல்லை. ஆகவே ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஆற்றுக்குத் தென்கரை ஊர்களுக்கென்று அந்த நாளில் ஒரு சிறு முனிசிபல் சபை இருந்தது. பிற்பாடு அது பெருநகரத்தில் கரைந்து போயிற்று. அக்கரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. பெண்பிள்ளை ஒருத்தியும் இருக்கட்டும் என்று என்னை அந்தச் சபையில் நியமித்தார்கள். பூஜையில் வைத்த பொம்மை மாதிரி இருந்துவிட்டு வந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பொன்னுரங்கம் அப்படி வந்தவர் அல்ல, தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். ஓட்டுப்போட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி கொடுப்பார்கள். இவருக்குப் பச்சை விழுந்தது. "கீரைக்காரனுக்குப் பச்சைப் பெட்டி" என்று எதிராளிகள் கேலியாகத் தட்டி எழுதிக் கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று அதனால் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கீரைக்கார மெம்பர் என்றே பெயர். அவரும் யாரிடமாவது தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

முதல் கூட்டத்திலேயே தகராறு. சேர்மன் மயிலாப்பூர் வக்கீல். அக்கரையில் அவருக்கு ஒரு தோப்பு இருந்ததால் எங்களுக்குத் தலைவரானவர். நல்ல மனிதர், ஆனால் முறை முறை என்று உயிரை வாங்குவார். தோளில் துண்டோடு உள்ளே வந்த பொன்னுரங்கத்தைப் பார்த்து, துண்டை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். "துண்டு இல்லாதவனுக்கு எங்க ஊரு சபைல இடமே இல்லீங்க. இது மாத்திரம் சபை இல்லியா?" என்று கேட்டுவிட்டு இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அது எனக்கு இடதுபக்கத்து நாற்காலி. கீரைக்காரர் பக்கத்தில் உட்கார வேறு யாரும் வரவில்லை. பெண்பிள்ளை பக்கத்திலும் யாரும் வரவில்லை. ஆக, சபை இருந்த காலம் முழுவதும் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நாற்காலிக்காரர்கள்.

சபை நடவடிக்கை பாதி இங்கிலீஷில் நடக்கும். அதில் அவர் உடனே பிடித்துக்கொண்ட சொல் ஒன்றே ஒன்று, ஆட்சேபணைக்குச் சொல்லும் 'அப்ஜெக்ஷன்'. அதைத் தம் வாய்க்குத் தகுந்தபடி "அப்சேசன்!" என்று ஆக்கிக்கொண்டார். தெருவிளக்கைச் சேர்மன் தோப்புப் பக்கம் நடுவதா, அப்சேசன். குப்பை வண்டி மாட்டுக்குத் தீனி குறைப்பதா, அப்சேசன். குடிசைக்கு வரியை ஒரே தூக்காகத் தூக்க ஒரு தீர்மானம் வந்தபோது எழுந்து நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கீரைல ரெண்டு தினுசு கீதுங்க. மொளக்கீரைய வேரோட புடுங்கிடுவோம், அவ்ளோதான், தீந்துது. அரைக்கீரைய அறுப்போம், அது மறுபடி தழைக்கும். ஜனங்க அரைக்கீரைங்க. அறுத்துக்கோங்க, வேணாங்கல. வேர்ல கை வெக்காதீங்க." சேர்மனே சிரித்துவிட்டார். வரி பாதியாகக் குறைந்தது.

சபையில் அவர் வாய் ஓயாது என்றால், தோட்டத்தில் கை ஓயாது. விடியும் முன்னே ஏற்றம் இறைத்து, ஜட்கா லாயங்களில் அள்ளிவந்த எருவைப் பாத்திக்குப் பாத்தி போட்டு, கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார். விரல் இடுக்கில் மண் இருக்கும். யுத்தத்தின்போது குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? என் தாயாரைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் நான் இங்கேயே தங்கிவிட்டேன். தெருவில் நாய்கூட இல்லை. ஒரு காலை கதவைத் தட்டும் சத்தம். கீரைக் கட்டோடு நிற்கிறார். நீங்கள் போகவில்லையா என்றேன். "பாத்தில வெதச்சது முந்தாநாளு. அத்த யாரு பாத்துப்பாங்க? ஜப்பான்காரனா வந்து தண்ணி காட்டுவான்?" என்றார். என் தாயார் சாகும்வரை இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அவ்வளவோடு சரி. அந்த யுத்த வருஷங்களிலேயே ஒரு ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு அவர் ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் வாந்திபேதி வந்தது. பொன்னுரங்கத்துக்கு ஒரே மகள் அஞ்சலை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அவர் ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்ற மனு சபையில் அதற்கு முன்பே பலமுறை வந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திரும்பிப் போயிருந்தது. மகளுக்குப் பால் தெளித்துவிட்டு அவர் நேரே கூட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதைச் சேர்மன் மேஜைமேல் வைத்து, "இது எங்க ஊரு கெணத்துத் தண்ணிங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லுங்க. நான் பேசாம குந்திக்கிறேன்" என்றார். யாரும் சொம்பைத் தொடவில்லை. குழாய் அன்றைக்கே சாங்ஷன் ஆயிற்று.

வெளியே வரும்போது, எப்படித்தான் உங்களால் பேச முடிந்தது என்று கேட்டேன். "பேச்சு இன்னா டீச்சரம்மா, பேச்சு. வாயி சில்லறை விசயத்துக்குத்தான்" என்றார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற மகளைப் பறிகொடுத்த மனிதரிடம் அதற்கு அர்த்தம் என்ன என்றா கேட்க முடியும்?

அடுத்த கோடையில்தான் அந்தத் தீர்மானம் வந்தது. பட்டணம் பெருகிக்கொண்டிருந்தது. தியாகராய நகர் நிரம்பிவிட்டது, இனி ஆற்றைத் தாண்டித்தான் வீடு கட்ட வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள். கோட்டூர்ப் பக்கம் ஆற்றோரமாக இருந்த கீரைத் தோட்டங்கள் அத்தனையையும் வீட்டுமனைகளுக்காக எடுத்துக்கொள்ள எங்கள் சபை சம்மதம் தர வேண்டும். பொன்னுரங்கத்தின் நிலமும் அதில் போகிறது. அவர் ஊர்க்காரர்கள் குத்தகைக்கு உழுத நிலமெல்லாம் போகிறது. அன்று இடி இடிக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்சேசன் எத்தனை நேரம் நீளுமோ என்று காப்பியைக்கூட முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள்.

காரியதரிசி தீர்மானத்தை இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். பொன்னுரங்கம் தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஒருமுறை உதறினார். வலது முழங்கால்மேல் அதை விரித்தார். விரித்த துண்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சேர்மனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துண்டின் நுனி என் புடவையின்மேல் விழுந்தது. மண்ணும் எருவும் வேர்வையும் கலந்த வாசனை. நல்ல வெயில் காலம், வேர்வை துடைக்க எடுத்திருக்கிறார் என்று நினைத்து, நுனியை இரண்டு விரலால் எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

சேர்மனுக்கே ஆச்சரியம். "என்ன ஓய் பொன்னுரங்கம், அப்ஜெக்ஷனுக்குன்னே பொறந்தவர் நீர்! இன்னிக்குப் பேசாம உக்காந்துண்டிருக்கீரே?" என்றார். இவர் பேசவில்லை. "கடைசியாக் கேக்கறேன். ஆட்சேபணை யாருக்கும் இல்லையே?" இவர் பேசவில்லை. "ஏகமனதாக நிறைவேறியது" என்று சேர்மன் மேஜையைத் தட்டினார். பொன்னுரங்கம் அப்போது எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர் முகம் அது. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

யானையை எதிர்த்து எறும்பு என்ன செய்யும், மனிதர் ஓய்ந்துவிட்டார் என்று நான் எண்ணினேன். அப்படி எண்ணாதவர்களும் உண்டு. பொன்னுரங்கத்துக்கு வாய்ப்பூட்டுப் போட்டது எத்தனை கனமான பூட்டோ என்று தாழ்வாரத்தில் ஒருவர் கண்சிமிட்டினார். அவர் பெயர் வேண்டாம், இதைப் படித்தால் அவருக்கே தெரியும். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஆற்றங்கரை போய்ச் சேர்ந்துவிட்டது. தோட்டங்களை அளக்க வந்தவர்கள், உங்கள் மெம்பர் உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டதுதான் என்று தண்டோரா போட்டே சொன்னார்கள்.

அந்த ஊரில் ஊர்விலக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெறுமனே அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு வெற்றிலை வைக்கவில்லை. கெட்டதற்கும் சொல்லி அனுப்பவில்லை. அவர் மனைவி அலமேலு குடத்தோடு போனால் குழாயடியில் நிற்கும் பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகிப் போவார்களாம். சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து அவர் வாங்கிக்கொடுத்த குழாய் அது. அடுத்த தேர்தலிலும் நின்றார். மறுபடி பச்சைப் பெட்டிதான். அவர் ஊரில் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது அவருடைய ஓட்டு ஒன்றுதானோ என்னவோ.

தோற்ற பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை. மாடுகளை விற்றுவிட்டார். சாலையோரத்தில் கை அகலத் துண்டு நிலத்தில் விதைத்த முளைக்கீரையில் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். சைதாப்பேட்டையில் உறவுகள் இருக்கிறார்களே, அங்கே போய்விடலாமே என்றேன். "பேசாத ஜனங்க நடுவுல இருந்தாத்தான் என்னிக்கினா பேசுவாங்க டீச்சரம்மா. அங்க போய் குந்திக்கினா யாரு பேசப்போறாங்க?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி நீங்க எம் பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தீங்க?"

"எப்பவும் உங்க பக்கத்துலதானே இருப்பேன்."

"எதனா பாத்தீங்களா?"

"எதைப் பாக்கறது?"

அவர் சிரித்தார். வாயால் சிரித்த சிரிப்பு, கண் சிரிக்கவில்லை. "ஒண்ணியும் இல்ல. கீரைய இன்னிக்கே ஆக்கிடுங்க, நாளைக்கி வாடிப்பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

தேசம்மா வந்து போன அன்று நான் ஒரு ஜட்கா பிடித்துப் போனேன். அடையாற்றுப் பாலம் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் முன்பெல்லாம் கண்ணுக்கு எட்டியவரை பாத்திகள்தான். இப்போது எல்லைக் கற்களும் செங்கல் குவியல்களும், சுண்ணாம்பு பூசாத இரண்டு பங்களாக்களும். அதற்கு அப்பால் ஆற்றை ஒட்டி மிச்சமிருந்த குடிசைகளில் ஒன்றின் முன்னால் பாடை கட்டி வைத்திருந்தது. மேளம் இல்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் எதிர்ச்சாரியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு உடலின் தலைமாட்டில் கல் மாதிரி இருந்தாள். அவள் அழவில்லை. பெண்கள் கூட்டம் தள்ளி நின்றது, தேசம்மாவும் அதில் இருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

முனுசாமி என்பவர் அந்த ஊருக்குப் பெரியதனம், நம் பாஷையில் ஊர்த் தலைவர். அவர் எழுந்து வரிசையைப் பார்த்து, "எடுக்கலாமா?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. பேசாமல், ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் தோளிலிருந்து துண்டை எடுத்தார்கள். வலது முழங்கால்மேல் விரித்தார்கள். விரித்த துண்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்கள்.

"இது என்னடி தேசம்மா? ஏன் எல்லாரும் துண்டை எடுக்கறா?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம்னு அர்த்தம்மா. நாங்க தோள் குடுக்க மாட்டோம், கூலிக்கு ஆள் வெச்சி எடுத்துக்கோன்னு அர்த்தம்."

"அதை வாயால சொன்னா என்ன?"

"சின்ன விசயத்துக்குத்தாம்மா வாயி. மண்ணு, சாவு, பொண்ணு, இதுக்கெல்லாம் வாயத் தொறந்தா சண்டைதான் வரும். துண்டு போட்டாப் போதும். பெரியதனம் பாத்துக்கும்."

"யாராவது பாக்காம விட்டுட்டா? போட்டவரே பிற்பாடு சொல்லலாமோல்லியோ?"

"அது எப்பிடி? தன் துண்டுக்குத் தானே சாட்சி சொன்னா செல்லாது. பக்கத்துல குந்திக்கினு இருந்தவன்தான் சொல்லணும்."

எதனா பாத்தீங்களா என்று அவர் கேட்டது எதற்கென்று அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அக்கரை ஜனங்களின் மண் முழுவதும் போகிற தீர்மானத்துக்கு அவர் தம் சபையில் எப்படி மறுப்பாரோ அப்படி மறுத்திருக்கிறார். அது விளக்குக் கம்பமா, குப்பை வண்டியா, அப்சேசன் என்று கத்துவதற்கு? அதைவிடப் பெரிய மறுப்பு அவர் கையில் வேறு இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களோ, பேசாவிட்டால் சம்மதம் என்ற சட்டத்துக்காரர்கள்.

ஆண்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். அந்த ஊரில் பெண்பிள்ளை அப்படி வந்து நிற்பது வழக்கமில்லை. முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார்.

"சபையில அவர் பக்கத்து நாற்காலி என்னோடது. அந்தத் தீர்மானம் வந்த அன்னிக்கு அவர் துண்டு போட்டார். நான் பார்த்தேன்."

வரிசையில் ஓர் அசைவு. முனுசாமி அவசரப்படவில்லை. "எந்தக் காலு?" என்று கேட்டார்.

"வலது கால். நான் அந்தப் பக்கம்தான் இருந்தேன். துண்டு நுனி என் புடவைமேல விழுந்தது. என்னன்னு தெரியாம நான் இந்தக் கையால தள்ளிவிட்டேன்." கையை நீட்டிக் காட்டினேன். "வக்கீல் ரெண்டு தடவை கேட்டார். இவர் கையை எடுக்கவே இல்லை."

முனுசாமி பாடைப் பக்கம் திரும்பினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாங்க கேட்டோம்மா. ஊர கூட்டி நிக்கவெச்சி, இன்னா சொன்னேன்னு கேட்டோம். எம் பக்கத்துல இருந்தவங்கள கேளுங்கன்னான். நழுவுறான்னு நெனச்சோம். பக்கத்துல இருந்தது யாருன்னு தெரியாது, யாரப் போய்க் கேக்கறது? மயிலாப்பூரு பங்களா வாசல்ல எங்கள உள்ள உடுவாங்களா?"

மறுபடி வரிசையைப் பார்த்து, "எடுக்கலாமா?" என்றார். துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோளுக்குத் திரும்பின. தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு வந்தார்கள். அலமேலு அப்போதுதான் வாய்விட்டு அலறினாள். அந்த அலறலை என் கட்டை வேகும்வரை மறக்க மாட்டேன். "ஒரு வார்த்த, ஒரு வார்த்த எங்கிட்டியாச்சும் சொல்லலியே" என்று மார்பில் அறைந்துகொண்டாள். யாரோ ஓடிப்போய் மேளக்காரர்களை அழைத்துவந்தார்கள். தேசம்மா என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "பூட்டாரே, எங்க மெம்பரு பூட்டாரே" என்று ஒப்பாரி வைத்தாள். காலையில் என்னைத் தைத்த எழுத்து மாறிவிட்டது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஊர் வழக்கம் ஊரோடு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? துண்டு போட்டேன், நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே ஜட்கா பிடித்திருப்பேனே. கேட்டால் சாட்சி செல்லாது என்று நினைத்திருக்கிறார். நானாகப் பார்த்து நானாகச் சொல்ல வேண்டும். செத்தும் கெடுத்தான் என்பார்கள், இந்த மனிதர் நேர்மையால் தம்மையே கெடுத்துக்கொண்டார். ஒருவருடைய மறுப்பினால் திட்டம் நின்றிருக்காது, தோட்டங்கள் எப்படியும் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குழாயடியில் அலமேலுவைக் கண்டு யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

இனி அந்த இரங்கல் கூட்டம். பழைய மெம்பர்கள் என் பள்ளிக்கூட ஹாலில் கூடினோம். அதே சேர்மன், இப்போது கைத்தடியோடு. இரங்கல் தீர்மானத்தை அவரே எழுதி வந்திருந்தார். அழகான தமிழ். காலஞ்சென்ற அங்கத்தினர் குடிதண்ணீருக்காகப் பாடுபட்டார், எளிய வாழ்க்கை வாழ்ந்தார், ஆற்றங்கரைத் திட்டத்தை எல்லோருடனும் சேர்ந்து ஏகமனதாக ஆதரித்து நகர வளர்ச்சிக்கு உதவினார் என்று வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் எழுந்து நின்னு ரெண்டு நிமிஷம் மௌனமா இருக்கலாம். அதுக்கு முன்னாடி, வழக்கப்படி கேட்டுடறேன். ஆட்சேபணை யாருக்கும் இல்லையே?" என்றார்.

எனக்கு இடதுபக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இது மண்ணும் சாவும் சேர்ந்த விஷயம், முறைப்படி பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது. முழங்காலில் விரிக்க என்னிடம் துண்டு இல்லை. விரித்தாலும் அதைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல். அதையும் அவர் சொன்ன மாதிரியேதான் வைத்திருக்கிறேன். எழுந்து நின்று, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அப்சேசன்!"